அலை பிடிபடவில்லையா, மூக்கு குத்துகிறதா, வால் வழுக்குகிறதா? அறிகுறியை வைத்துச் சர்ஃப் பலகையைச் சரிபார்க்கும் முறை

தண்ணீரில் எது சொதப்பினாலும் பழி பலகை மேல்தான் விழும். பாதி நேரம் அது அநியாயம். படுத்திருக்கும் இடம் நாலு விரல் தள்ளியிருக்கும், இல்லையென்றால் ஃபின் (வாலுக்கு அடியில் பொருத்தும் துடுப்பு) அளவு பொருந்தாது. மீதி நேரம் பலகைதான் குற்றவாளி. அப்போதும் பெரும்பாலும் ஒரே குற்றம்தான்: ஆளுக்கும் அலைக்கும் அது சின்னது. அதனால் கீழே வரும் எந்தக் கோளாறானாலும் ஒரே வரிசையில் பாருங்கள். முதலில் உடம்பு இருக்கும் இடம், அடுத்து ஃபின், கடைசியில் பலகை.

ஆரம்பிக்கும் முன்: உங்கள் பலகையின் எண்கள்

பலகையின் அடிப்பக்கத்தில், நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் மரத்தின் ஓரமாக, நீளம், அகலம், தடிமன் மூன்றும் எழுதியிருக்கும். பல பலகைகளில் நான்காவதாக லிட்டரும் இருக்கும். 6 அடி 2 அங்குலம், 19½ அங்குலம், 2½ அங்குலம் என்றிருந்தால் அது ஏறக்குறைய 31, 32 லிட்டர் பலகை. லிட்டர் எழுதவில்லையா? மூன்றையும் சென்டிமீட்டராக்கிப் பெருக்குங்கள், 1000-ஆல் வகுங்கள். கூர்மூக்கு ஷார்ட்போர்டாக (குட்டைப் பலகை) இருந்தால் வருவதை 0.54-ஆலும், லாங்போர்டாக (9 அடிப் பக்கத்து நீளப் பலகை) இருந்தால் 0.58-ஆலும் பெருக்குங்கள். தோராயம்தான், ஆனால் ஓரிரு லிட்டருக்குள் வந்துவிடும்.

இப்போது உங்கள் எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்து வரும் நுரை அலையில் எழுந்து நிற்கப் பழகுகிறவருக்கு எடைக்குச் சமமான லிட்டர் வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. உடையாத அலையைத் தானே பிடித்து, அதன் முகத்தில் பக்கவாட்டில் ஓட்டத் தெரிந்தவருக்கு எடையில் 0.6 முதல் 0.7 பங்கு. திருப்பங்கள் ஓரளவு கைவந்தவருக்கு 0.45 முதல் 0.5. வாரம் நாலு நாள் தண்ணீரில் கிடக்கும் தேர்ந்தவர்தான் 0.36, 0.4 பக்கம் போகலாம். 70 கிலோ ஆள் என்றால் வரிசையாக 70-க்கு மேல், 42 முதல் 49 வரை, 32 முதல் 35 வரை, 25 முதல் 28 வரை. குளிருக்குத் தடித்த வெட்சூட் உடை போடுகிறீர்களா, பல மாத இடைவெளிக்குப் பின் இறங்குகிறீர்களா, தோள்பட்டை பழைய மாதிரி இல்லையா, இரண்டு மூன்று லிட்டர் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் தன்னைத் தேர்ந்தவர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். சந்தேகம் இருந்தால் ஒரு படி கீழே இறங்கிக் கணக்குப் போடுங்கள்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். லிட்டர் என்பது மிதக்கும் கணக்கு. படுத்துப் பேடில் செய்யும்போதுதான், அதாவது கைகளால் தண்ணீரைத் துழாவும்போதுதான், அதற்கு முழு மரியாதை. எழுந்து வேகம் எடுத்தபின் பலகையைத் தூக்கிப் பிடிப்பது அடிப்பக்கத்தின் பரப்பும் வளைவும். ஒரே 33 லிட்டரில் ஒரு பலகை நெஞ்சுக்குக் கீழே அகன்றிருக்கும், இன்னொன்று வாலில் அகன்றிருக்கும். இரண்டும் தண்ணீரில் வேறு வேறு பலகைகள்.

அறிகுறி 1: எவ்வளவு பேடில் செய்தாலும் அலை அடியில் நழுவிப் போய்விடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

அமைதியான தண்ணீரில் பேடில் செய்தபடி பலகையின் மூக்கைப் பாருங்கள். நுனி தண்ணீருக்கு மேலே 3 முதல் 5 செ.மீ. இருக்க வேண்டும். ஒரு சாண் உயரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் பின்னால் படுத்திருக்கிறீர்கள். வால் தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறது. நாலு விரல் முன்னே நகருங்கள், கால்களைச் சேர்த்து வையுங்கள். விரிந்த கால்கள் இரண்டு பக்கமும் நங்கூரம் போட்ட மாதிரி வேகத்தைத் தின்றுவிடும். சரியான இடம் கிடைத்ததும், தாடைக்கு நேர் கீழே, வழுக்காமலிருக்கப் பலகை மேல் தேய்த்த வேக்ஸில் விரலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த முறை படுக்கும்போது தாடை அந்தக் கோட்டுக்கு வரட்டும்.

அதிலும் பிடிபடவில்லை என்றால் காத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அலை உங்களைத் தாண்டி இருபது முப்பது அடி போனபின்தான் உடைகிறது என்றால் அது உங்களிடம் வரும்போது இன்னும் சரிவே எழவில்லை. கரைப்பக்கம் உள்ளே வாருங்கள்.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு ஒரு சோதனை. 10, 15 லிட்டர் கூடுதலான பலகை ஒன்றைக் கடன் வாங்கி, அதே இடத்தில், அதே நாளில் பத்து அலைக்கு முயலுங்கள். பிடிபடுகிறதா? உங்கள் பலகைதான் சின்னது. அதிலும் நழுவுகிறதா? பலகையை மாற்றிப் பயனில்லை. எந்த அலையைத் தேர்ந்தெடுப்பது, எப்போது துழாவ ஆரம்பிப்பது என்பதில்தான் கோளாறு.

பலகைதான் என்று உறுதியானால் நீளத்தை மட்டும் பார்த்து அடுத்ததை வாங்காதீர்கள். ராக்கரைப் பாருங்கள், அதாவது மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும் அளவை. சமதளத் தரையில் பலகையை வைத்து, நடுப்பகுதி தரையைத் தொடும்படி பிடித்துக்கொண்டு, மூக்கு நுனிக்கும் தரைக்கும் இடையே அளவுகோல் வையுங்கள். செங்குத்தான அலைக்கான ஷார்ட்போர்டில் 13 செ.மீ. பக்கம் வரும். சின்ன அலைக்கான பலகைகளிலும் ஃபிஷ் வகையிலும் (அறிகுறி 3-இல் வரும் குட்டை, அகலப் பலகை) அதைவிட ஒன்றிலிருந்து மூன்று செ.மீ. குறையும். வளைவு குறையக் குறைய பேடிலில் வேகம் கூடும். அலை பிடிபடாத ஆளுக்கு 7 அடிப் பக்கத்து மிட்லெங்த் (நடுத்தர நீளப் பலகை), தட்டையான மூக்கு, நெஞ்சுக்குக் கீழே 21 அங்குலத்துக்குக் குறையாத அகலம். பெரும்பாலும் இதுதான் மருந்து.

அலையின் இயல்பையும் சேர்த்துப் பாருங்கள். முன்னறிவிப்பில் உயரத்துக்குப் பக்கத்தில் நொடிக்கணக்கு ஒன்று இருக்கும். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையேயான நேரம் அது. 7 நொடி அலை ஏறக்குறைய 38 மீட்டர் ஆழத்தில்தான் கடலடியை உணர ஆரம்பிக்கும். 14 நொடி அலை 150 மீட்டரிலேயே உணர்ந்துவிடும். அதனால் முன்னறிவிப்பில் ஒரே உயரம் காட்டினாலும் 14 நொடி அலை கரைக்கு வரும்போது அதிகம் எழும்பும், வலுவாகத் தள்ளும். உங்கள் கடலில் வருடம் முழுக்க 6, 8 நொடி காற்றலைதான் என்றால் மேலே சொன்ன லிட்டர் வரம்பில் மேல் எண்ணை எடுங்கள். அங்கே மெல்லிய ஷார்ட்போர்டு வைத்திருப்பது வீம்பு.

அறிகுறி 2: எழும் நேரத்தில் மூக்கு தண்ணீரில் குத்திக் கவிழ்கிறது

கை வைக்கும் இடம்தான் முதல் சந்தேகம். உள்ளங்கைகள் விலாவின் கீழ்ப்பகுதிக்கு நேராக இருக்க வேண்டும். தோளுக்கு முன்னால் ஊன்றி எழுந்தால் உங்கள் மொத்த எடையும் மூக்கை அமுக்கும். கண் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மூக்கையே பார்த்துக்கொண்டு எழுந்தால் தலையும் எடையும் அங்கேதான் போகும்.

இது சரியாக இருந்தும் குத்துகிறது, அதுவும் செங்குத்தாக எழும் அலையில் மட்டும் குத்துகிறது என்றால் பலகைக்கும் அலைக்கும் பொருத்தமில்லை. மணல்மேட்டிலோ பாறைத்திட்டிலோ ஆழம் திடீரெனக் குறையும் இடத்தில் அலையின் முகம் கிண்ணம் போல் குழிந்து நிற்கும். 9 அடி நீளத் தட்டைப் பலகை அந்தக் குழிவில் உட்காராது. வால் உச்சியில் இருக்கும்போதே மூக்கு அடிவாரத்தைத் தொட்டுவிடும். இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம் பின்னால் நகர்ந்து படுப்பது. செய்யாதீர்கள். மூக்கு குத்துவது நிற்கும், அறிகுறி 1 வந்து சேரும். நேராக இறங்காமல், உடைந்துகொண்டிருக்கும் பகுதியைவிட்டு விலகி, இன்னும் உடையாத பக்கமாகச் சரிவில் கோணலாகப் புறப்பட்டுப் பாருங்கள். இந்த ஒன்றே பாதி சிக்கலைத் தீர்க்கும். அப்படியும் அந்த இடத்தில்தான் தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஓரடி, ஒன்றரை அடி குறைவான, மூக்கில் வளைவு கூடிய பலகைக்கு மாறுங்கள். நீளத்தில் இழந்த லிட்டரை அகலத்திலும் தடிமனிலும் திரும்பப் பெறும்படி பார்த்து எடுங்கள்.

மென்மையாகச் சரியும் அலையிலும் குத்துகிறதா? அப்போது பலகையைத் தொடவே வேண்டாம். அது பழக்கத்தின் பாடு.

அறிகுறி 3: எழுந்து நின்றாயிற்று, ஆனால் பலகை செத்துப்போய் நிற்கிறது, அலை முந்திப் போகிறது

பின்னங்காலைக் குனிந்து பாருங்கள். வால் நுனியில் இருந்தால் அதுதான் பிரேக். பின்பாதம் ஃபின்களுக்கு மேலும், முன்பாதம் பலகையின் நடுப்பகுதியை ஒட்டியும் இருக்கட்டும். வேகம் வேண்டுமென்றால் எடையை முன்காலுக்குக் கொடுங்கள்.

கால் சரி, ஆனாலும் இடுப்பளவு அலையில் ஓடவில்லை என்றால் வால் குறுகலாகவும் அதிக வளைவோடும் இருக்கும். வளைந்த வால் வலுவான அலையில் திரும்பச் சுகமாக இருக்கும்; சோம்பலான அலையில் அதே வளைவு தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். இந்த இடத்துக்கென்றே இருப்பது ஃபிஷ். சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் 1967-இல் முழங்காலில் ஓட்டும் பலகையாக வடித்த உருவம் அது: குட்டை, அகலம், தட்டை, ஆழமாக வெட்டிய இரட்டை வால், இரண்டு அகன்ற ஃபின்கள். அகன்ற வால் வலுவில்லாத அலையிலும் தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும். வழக்கமான ஷார்ட்போர்டைவிட 10 முதல் 20 செ.மீ. குட்டையாகவும், ஒன்று ஒன்றரை அங்குலம் அகலமாகவும் எடுக்கலாம்.

அகலத்தைப் பார்த்துவிட்டு, புதிதாகப் பழகுகிறவருக்கும் ஃபிஷ் நல்லது என்று சொல்வதுண்டு. ஒத்துக்கொள்ள முடியாது. ஐந்தரை அடிப் பலகையில் காலை ஊன்றும் நேரம் ரொம்பக் குறைவு. அலையைப் பிடித்து எழுவது யோசிக்காமல் நடக்கும்வரை ஃபிஷ் காத்திருக்கட்டும்.

அறிகுறி 4: நிற்கும்போது பக்கவாட்டில் ஆடுகிறது

லிட்டர் போதும், ஆனால் அது தடிமனில் ஒளிந்திருக்கிறது. 20 அங்குல அகலம், 3 அங்குலத் தடிமன் என்ற பலகை பேடிலில் நன்றாக மிதக்கும், எழுந்தவுடன் உருளப் பார்க்கும். தடிமனில் கால் அங்குலம் குறைத்து அகலத்தில் ஒன்றரை அங்குலம் கூட்டிய பலகை அதே லிட்டரில் அமைதியாக நிற்கும். மேற்பரப்பு நடுவில் மேடிட்டு ஓரங்களில் மெலிவதும் ஆட்டத்தைக் கூட்டும். கையை அகலவாக்கில் தடவிப் பார்த்தாலே தெரியும்.

காற்றடித்துச் சிற்றலை கிளம்பிய நாளில் மட்டும் ஆடுகிறதா? ஈபிஎஸ் நுரையும் (தெர்மோகோல் வகை) எபாக்சி ரெசினும் (மேலே பூசும் பிசின்) சேர்ந்த பலகை எடை குறைவு, தண்ணீரில் உயரமாக மிதக்கும். அதனால் கரடுமுரடான பரப்பில் படபடக்கும். பாலியூரித்தேன் நுரையில் பாலியஸ்டர் ரெசின் பூசியது கொஞ்சம் எடை கூடுதல், அந்த நாட்களில் அடங்கி ஓடும். சீரான சின்ன அலைக்கு முதல் வகை, காற்றும் வேகமும் உள்ள இடத்துக்கு இரண்டாவது.

அறிகுறி 5: நேராக ஓடுகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது

லாங்போர்டில் என்றால் நீங்கள் நடுவில் நின்றுகொண்டே திருப்பப் பார்க்கிறீர்கள். அது நடுவிலிருந்து திரும்பாது. இரண்டடி பின்னால் நடந்து போய், பின்னங்கால் ஃபினுக்கு மேல் வந்தபின் திருப்புங்கள்.

அடுத்தது ஃபின். ஒற்றை ஃபினுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: பலகை எத்தனை அடியோ ஃபின் அத்தனை அங்குலம். 9 அடிப் பலகைக்கு 9 அங்குலம். பக்கத்தில் இரண்டு குட்டி ஃபின்கள் சேர்ந்திருந்தால் நடு ஃபின் 6, 7 அங்குலம் போதும். நீளமான ஃபின் பெட்டியில் ஃபினை முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன்னே தள்ளினால் எளிதாகத் திரும்பும், பின்னே தள்ளினால் நேர்கோட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முறைக்கு 1 செ.மீ. மட்டும் நகர்த்தி ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு சென்டிமீட்டரே காலுக்குத் தெரியும். மூன்று ஃபின் பலகையில் அளவு உங்கள் எடையைப் பொறுத்தது. எஃப்சிஎஸ் என்ற ஃபின் நிறுவனத்தின் கணக்கில் சிறியது 55 முதல் 70 கிலோ, நடுத்தரம் 65 முதல் 80, பெரியது 75 முதல் 90. 62 கிலோ ஆள் பெரிய ஃபின் போட்டிருந்தால் பலகை தண்டவாளத்தில் ஓடுவது இயல்பே.

இதெல்லாம் செய்தும் இறுக்கம் போகவில்லை, அலை பிடிப்பதில் உங்களுக்குச் சிக்கலே இல்லை என்றால் பலகையை விஞ்சிவிட்டீர்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கும்: 8 அடி நுரைப்பலகையிலிருந்து நேரே 6 அடி ஷார்ட்போர்டு. ஒரு தாவலில், இப்போது இருக்கும் லிட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்காதீர்கள். 80 லிட்டரில் இருப்பவர் 65-க்குப் போகலாம், பிறகு 52-க்கு. ஒரு படியில் பத்து அலைக்கு ஆறேழாவது பிடித்து ஓட்டினால்தான் அடுத்த படி.

அறிகுறி 6: திருப்பும்போது வால் வழுக்கிச் சுழல்கிறது

முதலில் ஃபினைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. 3/32 அங்குல ஆறுமுகச் சாவி போதும். திருகு நின்றதும் நிறுத்துங்கள், முறுக்கினால் பெட்டியின் மரை போய்விடும். இடது வலது ஃபின்கள் மாறிப்போயிருக்கின்றனவா என்றும் பாருங்கள்: பக்க ஃபினின் தட்டையான முகம் ஸ்ட்ரிங்கரைப் பார்க்க வேண்டும், உப்பிய முகம் வெளியே.

ஃபின் உறுதியாக இருந்தால், எந்த அலையில் வழுக்குகிறது என்பதுதான் கேள்வி. எல்லா அலையிலும் என்றால் ஃபின் சின்னது, ஓர் அளவு மேலே போங்கள். செங்குத்தான வேக அலையில் மட்டும் என்றால் வால் அகலம். ஒரு விளிம்பில் சாயும்போது மறுபக்க ஃபின் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. இரட்டை ஃபின் பலகைகளின் பிறவிக் குணம் இது. ஆஸ்திரேலிய சர்ஃபர் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை நான்கு உலகப் பட்டங்களை இரட்டை ஃபினில்தான் வென்றார். ஆனால் அதே நாட்டின் உடம்பு பெரிய சர்ஃபர் சைமன் ஆண்டர்சனுக்கு அந்தப் பலகைகள் பிடிமானம் தரவில்லை. 1980-இல் நடுவில் மூன்றாவது ஃபினைச் சேர்த்துத் த்ரஸ்டர் என்ற மூன்று ஃபின் பலகையை உருவாக்கினார். 1981-இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியை ராட்சத அலைகளில் அதை வைத்தே வென்றார். உங்கள் ஃபிஷ்ஷில் நடுப்பெட்டி இருந்தால் ஒரு குட்டி ஃபினைச் செருகிப் பாருங்கள். கொஞ்சம் துள்ளல் குறையும், பிடிமானம் வரும். பெட்டி இல்லையென்றால் அந்த அலைக்கு வட்ட வாலோ கூர்வாலோ உள்ள வேறு பலகை.

அறிகுறி 7: அலை தலைக்கு மேலே போனால் பலகை அடங்க மாட்டேன் என்கிறது

சின்ன அலையில் உதவிய அகலமும் தட்டையும் இங்கே எதிரி. வேகத்தில் பரப்பு கூடுதலாகித் தட்டித் தட்டித் துள்ளும். தேவை ஸ்டெப்-அப்: வழக்கமான ஷார்ட்போர்டைவிட 10, 15 செ.மீ. நீளம், குறுகிய வட்ட வால், மூக்கில் சற்றுக் கூடுதல் வளைவு, ஓரிரு லிட்டர் அதிகம். பெரிய அலை வேகமாக நகரும், அதைப் பிடிக்க பேடில் வேகம் வேண்டும், நீளம் அதற்குத்தான். அதற்கும் மேலே 7½ அடியிலிருந்து 10 அடிக்குப் போகும் கன் வகை. அது தேவைப்படும் ஆளுக்கு இந்த வழிமுறை தேவைப்படாது.

அறிகுறி 8: வரும் அலைக்கு அடியில் பலகையை அமுக்க முடியவில்லை

எடையில் பாதிக்கு மேல் லிட்டர் இருந்தால் டக் டைவ் கடினம், 0.7 தாண்டினால் அநேகமாக நடக்காது. இதற்காகச் சின்னப் பலகை வாங்குவது, உள்ளே போக வசதி செய்துகொண்டு போய் அலை பிடிக்காமல் உட்கார்ந்திருப்பதில் முடியும். விளிம்புகளை இறுகப் பிடித்து, பலகையோடு தலைகீழாகப் புரண்டு, அலை போனதும் திரும்புங்கள். பலகையைத் தூக்கி எறிவது மட்டும் கூடாது. 9 அடிப் பலகையும் அதைக் காலோடு கட்டும் 9 அடி லீஷ் கயிறும் சேர்ந்தால் உங்களுக்குப் பின்னால் பதினெட்டு அடி வட்டத்தில் யார் தலையிலும் விழலாம்.

அறிகுறி 9: வேகத்தில் ஃபின் ரீங்காரமிடுகிறது

ஆபத்தில்லை. பின்விளிம்பில் சிராய்ப்பு அல்லது பிசிறு. 400 எண் உப்புத்தாளை நனைத்து நாலு இழுப்பு, பிறகு 600.

அறிகுறி 10: முன்பு நன்றாக இருந்த பலகை இப்போது மந்தமாக, கனமாக இருக்கிறது

தண்ணீர் குடித்திருக்கிறது. மூக்கு நுனி, வால் முனை, ஃபின் பெட்டியின் சுற்று, லீஷ் கட்டும் குழி ஆகிய நான்கு இடங்களில் மயிரிழை விரிசல் தேடுங்கள். ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் சாய்த்து, சொட்டு நிற்கும்வரை வடியவிட்ட பிறகுதான் அடைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் கண்ணாடியிழை நுரையைவிட்டுப் பிரியும். நுரை எது என்று தெரியாமல் ரெசினைத் தொடாதீர்கள். பாலியஸ்டர் ரெசின் ஈபிஎஸ் நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும்; எபாக்சி இரண்டுக்கும் ஒத்துவரும்.

பழைய பலகை வாங்கப் போகும்போதும் இதே நான்கு இடங்கள்தான். கூடவே நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள்: கால்பட்ட பள்ளங்கள் பரவாயில்லை, அழுத்தினால் உள்வாங்கிக் கையை எடுத்ததும் மேலெழும் கொப்புளம் இருந்தால் வேண்டாம். குறுக்காக முழு அகலத்துக்கும் ஓடும் ஒட்டு வேலை தெரிந்தால் அது இரண்டாக உடைந்து ஒட்டிய பலகை. எழுதியிருக்கும் லிட்டர் என்னவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.